பேண்டை நிறுத்திவிடாதீர்கள்

டெக்சாஸில் பள்ளி திறப்பது ஆகஸ்ட் நடுவில். பேண்ட் வாத்தியப் பிள்ளைகளுக்கு மட்டும் அந்த மாதம் பிறந்ததுமே வேலை தொடங்கிவிடும். டல்லாஸுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் பக்கத்தில் அப்போது வெயில் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். காலையிலேயே தொப்பியும் பெரிய தண்ணீர்க் குடுவையுமாக, கழுத்தில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, கோடு போட்ட கார் நிறுத்துமிடத்தில் என் மகன் நின்றுகொண்டிருப்பான். அவன் வாசிப்பது யூஃபோனியம்.

அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தால் இசைக்குறிப்பு ஒன்றும் இருக்காது. ‘45-ஆம் கெஜக் கோட்டிலிருந்து இடப்பக்கம் இரண்டு எட்டு, முன்கோட்டிலிருந்து பின்னால் பத்து எட்டு’ என்ற மாதிரிக் கணக்குகள்தான். பாட்டின் எந்த இடத்தில் மைதானத்தில் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான முகவரிகள் அவை. ஐந்து கெஜத்தை 8 எட்டில் கடக்க வேண்டும். ஆக, ஒவ்வொரு எட்டும் 22.5 அங்குலம். குதிகாலை முதலில் ஊன்றி, பாதத்தை மெல்ல உருட்டி நடப்பார்கள். தப்பினால் உடம்பு குலுங்கி, ஊதும் சுரமும் குலுங்கிவிடும்.

இதைவிடக் கடினமான ஒன்று உண்டு. கால்பந்து மைதானத்தின் நீளம் 100 கெஜம். ஒரு முனையில் எழும் ஒலி மறுமுனைக்குப் போய்ச்சேர கால் விநாடிக்கு மேல் ஆகும். எல்லோரும் காதில் விழுவதை வைத்தே வாசித்தால் பாட்டு சிதறிப்போகும். அதனால் மேடை மீது கையசைக்கும் மாணவத் தலைவரைக் கண்ணால் பார்த்தே தாளம் பிடிக்கப் பழக்குகிறார்கள். பதினைந்து வயதுப் பிள்ளைகள் ஊதிக்கொண்டு, எண்ணிக்கொண்டு, பின்பக்கமாக நடந்துகொண்டு இதைச் செய்கிறார்கள். எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு கால்பந்தாட்ட இடைவேளையில் நிகழ்ச்சி, சனிக்கிழமை போட்டி என்று அக்டோபர் ஓடிவிடும். நவம்பரில் சான் அந்தோனியோவின் அலமோடோமில் மாநிலப் போட்டி. இவ்வளவுக்கும் கடிவாளம் உண்டு. பள்ளி நேரத்துக்கு வெளியே வாரத்துக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒத்திகை வைக்கக் கூடாது. பாடங்களில் 70 மதிப்பெண் எடுக்காதவர் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. இது 1984-இல் வந்த சட்டம். படிப்பு கெட்டுப்போகும் என்று பயப்படுகிற பெற்றோர் இந்த இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

குளிர் வந்ததும் எல்லாம் அரங்குக்குள் வந்துவிடும். மகள் ஆர்கெஸ்ட்ராவில் வயோலா. இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு. உள்பக்கம் உட்காருகிறவர்தான் தாளைத் திருப்ப வேண்டும். பக்கத்தின் கடைசி வரி வரும்போது அவர் வில்லை எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் தாளைத் திருப்பி, அடுத்த பக்கத்தில் சேர்ந்துகொள்வார். வெளிப்பக்கத்தில் இருப்பவர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருப்பார். சபையில் யாருக்கும் இது தெரியாது. வில் மேலே போகுமா கீழே போகுமா என்பதைப் பென்சிலால் குறித்து வைத்திருப்பார்கள். அந்த வரிசை முழுவதும் அதன்படிதான். எதிர்வீட்டுப் பெண் கொயரில் பாடுகிறாள். அங்கே டோ-ரே-மியைக் கைச்சைகையோடு சேர்த்துச் சொல்லித்தருகிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் வகுத்த சைகைகள் அவை. நம் ச-வைப் போலவே அவர்களுடைய டோவும் சுருதிக்குத் தகுந்தபடி இடம் மாறும். ஊரில் சரளிவரிசை பாடிவிட்டு வந்த பிள்ளைகள் அதைச் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

பிப்ரவரியில் ஆல்-ஸ்டேட். மாநிலம் முழுவதும் 70,000 பேருக்கு மேல் தேர்வில் இறங்கி, 1,900 பேர் அளவில் சான் அந்தோனியோ மேடைக்குப் போவார்கள். எனக்கு அதைவிட வசந்தகாலத்து மதிப்பீடுதான் பிடிக்கும். மேடையில் வாசித்து முடித்த கையோடு வேறொரு அறைக்குப் போக வேண்டும். அதுவரை கண்ணால் பார்த்திராத இசைத்தாளைக் கையில் கொடுப்பார்கள். டைரக்டர் சில நிமிடம் விளக்குவார். விரலை நகர்த்திப் பார்க்கலாம், ஊதக் கூடாது. பிறகு நடுவர்கள் முன்னால், இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் வாசித்து முடிக்க வேண்டும். மதிப்பு ஒன்று முதல் ஐந்து வரை, ஒன்றுதான் உயர்ந்தது. மனப்பாடத்துக்கு அங்கே இடமே கிடையாது. ஆண்டு முழுக்கக் கற்றது என்ன என்பது அந்த அறையில் தெரிந்துவிடும்.

இத்தனை நல்ல ஏற்பாட்டிலிருந்து நம் தமிழ் வீடுகள் பிள்ளைகளைப் பாதியில் இழுத்துக்கொள்கின்றன. போட்டிச் சீருடைக்குக் கால்சட்டை ஓரம் மடித்துத் தைக்கும் பெற்றோர் குழுவில் நானும் ஒருத்தி. ஒன்பதாம் வகுப்பில் அளவெடுத்த தமிழ்ப் பிள்ளைகளில் பலரைப் பதினொன்றில் காண முடிவதில்லை. காரணம் ரேங்க். முதல் பத்து சதவீதத்தில் வரும் மாணவருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் நேரடி இடம் என்று 1997-இல் டெக்சாஸ் சட்டம் இயற்றியது. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் அந்த விகிதம் இன்னும் குறைவு. பல பள்ளி மாவட்டங்களில் கல்லூரி நிலை ஏ.பி. பாடங்களுக்கு ரேங்க் கணக்கில் கூடுதல் புள்ளி உண்டு, பேண்டுக்குக் கிடையாது. பள்ளியை முடிக்க நுண்கலையில் ஒரு கிரெடிட் போதும், அது ஒன்பதிலேயே கிடைத்துவிடுகிறது.

“அக்கா, பேண்டை விட்டாத்தான் ரேங்க் ஏறும்னு சொல்றாங்களே, நீங்க எப்படி விட்டு வச்சிருக்கீங்க?” என்று போன மாதம் ஒரு தம்பி கேட்டார்.

“புள்ளி கொஞ்சம் குறையும்தான் தம்பி, இல்லைன்னு சொல்லல. ஆனா எங்க வீட்டுல ரெண்டு பேரும் காலையில எழுப்பாம எழுந்திரிக்கிறது இந்த ஒரு வகுப்புக்குத்தான்” என்றேன்.

நம் சங்கீத வகுப்புகள் தனியாக மேடையேறக் கற்றுத்தருகின்றன; அது பெரிய செல்வம். இங்கே பிள்ளை வேறொன்றையும் கற்கிறது. பின்வரிசையில் உட்கார்ந்து, பெயர் வராத இடத்திலும் சரியாக வாசிப்பது. பக்கத்தில் இருப்பவருக்காகத் தாளைத் திருப்புவது. இதைச் சொல்லித்தரும் வேறொரு பாடம் பள்ளியின் கால அட்டவணையில் இல்லை.

அடுத்த ஆண்டுக்கான பாடத் தேர்வுப் படிவம் குளிர்காலத்திலேயே வந்துவிடும். பேண்ட், ஆர்கெஸ்ட்ரா, கொயர் என்ற வரிகளை அடிப்பதற்கு முன்னால், உங்கள் பிள்ளையின் கச்சேரி ஒன்றுக்குப் போய், கடைசிப் பாட்டு வரை உட்கார்ந்து கேளுங்கள். பிறகு பிள்ளையையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.