காவல்துறையின் உச்சிப் படியில் பெண்கள்

சென்ற ஆண்டு எங்கள் கிளைக்கு வந்த மூத்த வாடிக்கையாளர் ஒருவர், தமது வைப்புத்தொகை முழுவதையும் உடனே முறித்துத் தருமாறு கேட்டார். காரணம் வினவியபோது குரல் நடுங்கியது. காணொளி அழைப்பில் காவல் சீருடையில் தோன்றிய ஒருவன், கைது செய்யப்போவதாக அவரை அச்சுறுத்தியிருந்தான். பணம் கைமாறாமல் தடுத்துவிட்டோம். ஆயினும் காவல் நிலையத்தில் புகார் அளிக்க அந்த அம்மையார் உடன்படவில்லை. "அங்கே போய் நான் யாரிடம் பேசுவது?" என்றார். எங்கள் பெண் அலுவலர் ஒருவர் துணைக்குச் சென்றார். நிலையத்தில் இருந்த பெண் ஆய்வாளர், அம்மையாரை நாற்காலியில் அமரவைத்து, பொறுமையுடன் கேட்டுப் பதிவு செய்தார்.

புகார் தருபவரை ஒரு நிலையம் எவ்வாறு வரவேற்கிறது என்பது அங்குள்ளவர்களை மட்டும் பொறுத்ததன்று; மேலிருந்து வரும் ஆணையையும் முன்மாதிரியையும் பொறுத்தது. அந்த மேலிடத்தில் பெண்கள் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள்?

1972 இல் கிரண் பேடி இந்தியக் காவல் பணியில் சேர்ந்த முதல் பெண் ஆனார். அடுத்த ஆண்டு சேர்ந்த காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யா, 2004 இல் உத்தராகண்டின் காவல்துறைத் தலைமை இயக்குநராகப் பொறுப்பேற்றார். ஒரு மாநிலத்தில் அப்பதவியை எட்டிய முதல் பெண் அவரே. 2006 இல் சென்னை மாநகரக் காவல் ஆணையராக இருந்த லத்திகா சரண், 2010 இல் தமிழகக் காவல்துறையின் தலைமையை ஏற்றார். கர்நாடகத்தில் நீலமணி ராஜு 2017 இலும், மகாராஷ்டிரத்தில் ரஷ்மி சுக்லா 2024 இலும் தத்தம் மாநிலத்தின் முதல் பெண் தலைவர்களாயினர். மத்தியப் படைகளில் 2016 இல் சஷஸ்திர சீமா பலத்துக்கு அர்ச்சனா ராமசுந்தரமும், 2023 இல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக்கு நீனா சிங்கும் தலைமை ஏற்றனர்.

பெருமைக்குரிய பெயர்கள்தாம். ஆனால் அரை நூற்றாண்டில், இவ்வளவு பெரிய நாட்டில், இவற்றை இன்றும் விரல்விட்டு எண்ண முடிகிறது என்பதையும் நாம் கருத வேண்டும்.

காரணம் ஒருவகையில் வங்கிக் கணக்கு போன்றது. தலைமை இயக்குநர் நிலையை எட்ட ஏறத்தாழ முப்பது ஆண்டுப் பணி வேண்டும். ஆகவே இன்றைய தலைமை இருக்கைகள், முப்பது ஆண்டுகளுக்கு முன் எத்தனை பெண்கள் பணியில் சேர்க்கப்பட்டனர் என்பதன் முதிர்வுத் தொகையே. தவணைகள் இடையில் விட்டுப்போனாலும் முதிர்வு குறையும். மாநிலக் காவல்துறைத் தலைவரைத் தேர்ந்தெடுக்கையில் பணிக்காலம், நற்பதிவு, பரந்த அனுபவம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 இல் பிரகாஷ் சிங் வழக்கில் வகுத்தது. இளம் வயதில் மாவட்டப் பொறுப்பும் சட்டம் ஒழுங்குப் பணியும் மறுக்கப்பட்டு, அலுவலகப் பணியிலேயே நிறுத்தப்பட்ட பெண் அதிகாரிக்கு அந்தப் பரந்த அனுபவம் எங்கிருந்து வரும்?

காவல்துறையில் பெண்கள் 33 விழுக்காடு இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2013 முதல் மாநிலங்களை அறிவுறுத்தி வருகிறது. அந்த இலக்கு இன்னும் வெகு தொலைவில் இருக்கிறது; பணியில் உள்ள பெண்களிலும் மிகப் பெரும்பாலோர் கீழ்நிலைப் பதவிகளிலேயே உள்ளனர். இவ்வாண்டு சேரும் இளம் பெண் அதிகாரிக்கு எந்தப் பணியிடம் தரப்படுகிறது என்பதே, முப்பது ஆண்டுகளுக்குப் பின் தலைமை இருக்கையில் யார் அமர்வார் என்பதைத் தீர்மானிக்கும்.

வாடிக்கையாளர்கள் ஒன்றை மறவாதிருக்க வேண்டுகிறோம். காணொளி அழைப்பில் கைது செய்யும் நடைமுறை நம் சட்டத்தில் இல்லை. ஏமாற்றப்பட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எங்கள் கிளைக்கும் தெரிவியுங்கள். காவல் நிலையத்துக்குச் செல்லத் தயங்காதீர்கள். அந்த அம்மையார் அடுத்த வாரமே மீண்டும் வந்து, முறிக்காமல் காத்த தம் வைப்புத்தொகையின் ரசீதை ஒருமுறை சரிபார்த்துச் சென்றார். இம்முறை அவர் குரலில் நடுக்கம் இல்லை.