ஆறு நிறம் போதும்

சாமத்தியச் சடங்கு, கலியாணம் என்றால் பெண்ணை அலங்கரிக்க ஊரிலேயே ஒருவர் இருப்பது பெரிய உதவி. தீவகத்தில் இதைச் சுயதொழிலாகத் தொடங்கும் சகோதரிகள் என்னிடம் கேட்பது, “எந்த ஐஷடோ பெட்டி வாங்கலாம் அக்கா?” என்பதுதான்.

120 நிறங்கள் கொண்ட பெட்டி கண்ணைக் கவரும். ஆனால் பாதி நிறங்கள் தொடாமலே காலாவதியாகிவிடும். போட்ட பணமும் முடங்கும். தோல் நிறம், இளமண்ணிறம், கடும் மண்ணிறம், அரக்குச் சிவப்பு, பொன் மினுக்கம், கறுப்பு ஆகிய ஆறும் போதும். பொன்னும் அரக்கும் கூறைச் சேலைக்குப் பொருந்தும். கடும் மண்ணிறத்தால் புருவத்தை நிரப்பலாம். நனைத்த மெல்லிய தூரிகையால் கறுப்பைத் தொட்டால் ஐலைனர் தேவையில்லை.

வாங்கும்போது கவனியுங்கள்:

• மாதிரியை விரலால் தொட்டால் நிறம் சீராக ஒட்ட வேண்டும், தூளாய் உதிரக்கூடாது.

• தயாரித்தவர் பெயரும் சேர்மானங்களும் இல்லாத பெட்டி வேண்டாம். ஈயம் போன்ற நச்சு உலோகம் கலந்திருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

• திறந்த டப்பாவின் படத்தில் 12 என்றிருந்தால், திறந்தபின் 12 மாதமே பாவிக்கலாம்.

நெடுந்தீவுச் சகோதரிகள் பெட்டியை மாற்றுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் படகில் வந்து, குறிகட்டுவானில் பஸ் ஏற வேண்டும். ஆகவே கடையிலேயே திறந்து பாருங்கள்.

ஒருவருக்குப் பூசிய தூரிகையைக் கழுவாமல் மற்றவருக்குப் பூசினால் கண்நோய் தொற்றும். சவர்க்காரத்தில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். கண் சிவந்தவருக்குப் பூச வேண்டாம். முதல் வருமானத்தில் இன்னொரு நிறப்பெட்டி வேண்டாம். இன்னும் இரண்டு தூரிகைகள் வாங்குங்கள்.