எலும்புப் புற்றுநோய் வலியும் ஒரு புதிய மருந்துச் சோதனையும்

இரவெல்லாம் வலியால் உறங்காமல், விடியற்காலையில் பால்வெட்டுக்குச் செல்வதன் துன்பத்தைத் தோட்ட மக்கள் நன்கறிவர். வலிகளுள் மிகக் கொடியவற்றுள் ஒன்று எலும்புப் புற்றுநோயால் வருவது. மார்பகம், நுரையீரல் முதலிய உறுப்புகளில் தோன்றும் புற்றுநோயும் எலும்புக்குப் பரவுவதுண்டு. மார்பின் போன்ற மருந்துகள் இவ்வலியைத் தணிக்கும். எனினும் அவற்றால் மயக்கமும் மலச்சிக்கலும் உண்டாகின்றன. ஆகவே வேறு வழியும் தேடப்பட்டு வருகிறது.

வலி எவ்வாறு உணரப்படுகிறது? நோயுற்ற இடத்திலிருந்து நரம்பு வழியாகச் செய்தி தண்டுவடத்தை அடைந்து, பின்னர் மூளைக்குச் செல்கிறது. தண்டுவடத்தில் இச்செய்தியைக் கைமாற்றும் தூதர்களுள் ஒன்று ‘பி பொருள்’. இது 1931-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. பதினொரு அமினோ அமிலங்கள் மணிகள்போல் கோக்கப்பட்ட சிறு சங்கிலி இது. இத்தகைய சங்கிலியைப் பெப்டைடு என்பர்.

இந்தத் தூதனுடன் சாபோரின் என்னும் நஞ்சை அறிஞர்கள் இணைத்தனர். சோப்பைப்போல் நுரைக்கும் ஒருவகைச் செடியின் விதையில் கிடைப்பது அது. முகவரி எழுதிய கடிதம் உரிய வீட்டைச் சேர்வதுபோல, இம்மருந்து பி பொருளை ஏற்கும் நரம்பணுக்களைத் தேடிச் சேர்ந்து அவற்றை அழிக்கிறது. வலிச் செய்தி செல்லும் வழி அடைபடுகிறது.

இதனை அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் நாய்களிடம் சோதித்து, 2013-இல் முடிவை வெளியிட்டனர். எலிகளுக்கு இந்நோயை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்க வேண்டும். நாய்களுக்கோ மனிதருக்கு வருவதுபோலவே இயற்கையாக வருகிறது. சோதனைக்கு வந்த 70 நாய்களும் வீடுகளில் வளர்ந்தவை, முன்னரே நோயுற்றவை. அவை 35, 35 எனக் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டன. எல்லா நாய்களுக்கும் வழக்கமான வலி மருந்து கொடுக்கப்பட்டது. ஒரு பிரிவுக்கு மட்டும் புதிய மருந்து தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில் கூடுதலாகச் செலுத்தப்பட்டது.

வாயில்லா உயிரின் வலியை எப்படி அறிவது? நாய் நடப்பதையும் எழுவதையும் ஓடுவதையும் நாள்தோறும் காண்பவர் அதனை வளர்ப்பவரே. ஆகவே அவரிடம் வினாக்கள் கேட்கப்பட்டன.

ஆறு வாரங்களுக்குள், வழக்கமான மருந்தை மட்டும் பெற்றவற்றுள் நூற்றுக்கு 74 நாய்களுக்கு மருந்தை மாற்றவோ, துன்பமின்றி உயிரை முடிக்கவோ நேர்ந்தது. புதிய மருந்து பெற்றவற்றுள் அந்நிலை நூற்றுக்கு 24 மட்டுமே. இது பெரிய வேறுபாடாகும். எனினும் இம்மருந்து புற்றுநோயைக் குணப்படுத்துவதன்று. வலியை மட்டுமே தணிப்பது. அழிந்த நரம்பணுக்கள் மீண்டும் வளர்வதில்லை. ஆதலால் மனிதருக்குப் பயன்படுத்துமுன் மிகுந்த எச்சரிக்கை தேவை.

இச்சோதனையில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. பேச இயலாத நாயின் வலியை அறியவே இத்துணை முயற்சி வேண்டியிருந்தது. பேசத் தெரிந்த நாம் வலியை மறைத்தல் தகுமோ? எலும்பில் நீங்காத வலி இருந்தாலும், இரவில் அது மிகுந்தாலும், வீக்கம் தோன்றினாலும் எண்ணெய் தடவிக்கொண்டு காலம் கடத்தாதீர்கள். உடனே மருத்துவரிடம் சென்று, எங்கே, எப்பொழுது, எவ்வளவு வலிக்கிறது என்று தெளிவாகக் கூறுங்கள். வலியைச் சொல்வது கோழைத்தனமன்று; சிகிச்சையின் முதற்படி அதுவே.