அதே 200 பவுண்டு... ஆனா கறி வேற!

ஒரு சின்ன புதிர். ரெண்டு பன்றி. ஒரே இனம். தராசுல ஏத்தினா ரெண்டும் 200 பவுண்டு. அறுத்துச் சுத்தம் பண்ணிப் பார்த்தா, ஒண்ணுல கொழுப்பு 27.5 சதவீதம், இன்னொண்ணுல 44. எப்படி?

"அது நிறைய தின்னிருக்கும் பாஸ்!"னு சொல்றீங்களா? அவசரப்படாதீங்க. எவ்வளவு தின்னுச்சுங்கிறதை விட எப்போ தின்னுச்சுங்கிறதுதான் இங்கே மேட்டர்.

இதை அளந்து காட்டினவர் பெயர் கேம்ப்பெல் பெர்சி மெக்மீக்கன். நியூசிலாந்துக்காரர். 1930-களில் கேம்பிரிட்ஜ் போய், இறைச்சிக் கால்நடைகளின் வளர்ச்சியை ஆராய்வதில் பெரிய கையான ஜான் ஹேமண்டிடம் சேர்ந்தார். பன்றிகளை நாலு குரூப்பா பிரிச்சார். முதல் குரூப்புக்கு எப்பவும் ஃபுல் மீல்ஸ். ரெண்டாவதுக்கு முதல் 16 வாரம் ஃபுல், அப்புறம் அளவுச் சாப்பாடு. மூணாவதுக்கு அதுவே தலைகீழ். நாலாவது பாவம், கடைசி வரைக்கும் அரைவயிறு. எல்லாத்தையும் 200 பவுண்டு வந்ததும் அறுத்து, எலும்பு தனி, தசை தனி, கொழுப்பு தனின்னு பிரிச்சு எடை போட்டார். எவ்வளவு பொறுமை வேணும், யோசிங்க!

கொழுப்புக் கணக்கு இப்படி வந்தது: முதல் குரூப் 38 சதவீதம், ரெண்டாவது 33, மூணாவது 44, நாலாவது 27.5. உடம்புல எலும்பு முந்தும், தசை அடுத்து, கொழுப்பு கடைசி. கடைசிக் கட்டத்துல தீனியைக் கொட்டினா அது கொழுப்பாத்தான் சேரும். அப்போ நாலாவது குரூப்தானே பெஸ்ட்? கசாப்புக் கடைக்கு ஓகே. ஆனா முதல் குரூப் சுமார் 180 நாள்ல எட்டின எடையை அது எட்ட 300 நாளுக்கு மேல ஆச்சு. அத்தனை நாள் யாரு வச்சு வளர்க்கிறது? அதனால கொழுப்பு குறைஞ்ச பேக்கன் வேணும்னா ரெண்டாவது வழின்னு ஆச்சு.

தீனியை மாத்தி உடம்போட அமைப்பையே மாத்தலாம்னு இந்த ஆய்வை வச்சு ரொம்ப நாள் நம்பினாங்க. 1964-ல் எல்ஸ்லி, மெக்டொனால்ட், ஃபவுலர்னு மூணு பேர் அதே எண்களை எடுத்து, கொழுப்பை மட்டும் கழிச்சுட்டுக் கணக்குப் போட்டாங்க. எலும்புக்கும் தசைக்கும் உள்ள விகிதம் நாலு குரூப்லயும் பெருசா மாறவே இல்ல! மாறினது பெரும்பாலும் கொழுப்புதான். மெக்மீக்கனுக்கு இது தோல்வின்னு எனக்குத் தோணல. ஒவ்வொரு துண்டோட எடையையும் அவர் எழுதி வச்சதாலதான் இருபது வருஷத்துக்கு மேல கழிச்சும் அவரோட முடிவைச் சரிபார்க்க முடிஞ்சது. (நம்ம லேப் ரெக்கார்டை வச்சு அடுத்த செமஸ்டர்ல யாராவது அப்படிச் செய்ய முடியுமா?)

ஊர் திரும்பினவர் 1943-ல் ஹாமில்டன் பக்கத்துல இருக்கிற ருவாகுரா கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவர் ஆனார். இந்தத் தடவை புல்லும் பாலும். அங்கே ஒரே மாதிரி இரட்டைக் கன்றுகளைத் தேடிப் பிடிச்சு ஆய்வுக்கு வச்சாங்க. ஒண்ணை இந்தக் கூட்டத்துல, இன்னொண்ணை அந்தக் கூட்டத்துல விட்டா பரம்பரை வித்தியாசம்ங்கிற தலைவலியே இல்ல. செம ஐடியா!

இங்கேயும் கேள்வியைத்தான் மாத்தினார். 'என் மாடு எவ்வளவு கறக்குது?'ங்கிறதை விட்டுட்டு 'என் ஏக்கர் எவ்வளவு கறக்குது?'ன்னு கேட்டார். ஒரு ஏக்கர்ல மாட்டைக் கூட்டிக்கிட்டே போனா ஒவ்வொரு மாடும் கறக்கிறது குறையும். ஆனா ஏக்கருக்கான மொத்தப் பால், ஒரு எல்லை வரைக்கும், ஏறும். மாத்தி மாத்தி மேய்க்கிறதா, ஒரே இடத்துல விடறதாங்கிற சண்டையை விட எத்தனை மாடு விடறோம்ங்கிறதுதான் முக்கியம்னு வால்ஷேயோட சேர்ந்து 1963-ல் கட்டுரையே போட்டார்.

1972-ல் அவர் காலமானார். அவரோட சமன்பாட்டுல புல் இருந்தது, மாடு இருந்தது, பால் இருந்தது. ஆறு இல்ல. மாடுங்க நெருக்கமா மேயற மண்ணிலிருந்து நைட்ரேட் நிலத்தடி நீருக்கும் ஆத்துக்கும் போகுதுன்னு பிற்பாடு பெரிய பிரச்னை கிளம்பிச்சு. 2021-ல் நியூசிலாந்து அரசு, மேய்ச்சல் நிலத்துக்கு ஹெக்டேருக்கு வருஷம் 190 கிலோ செயற்கை நைட்ரஜன்தான்னு உச்சவரம்பு போட்டது.

அது உரத்துக்கு. மாடு மூத்திரம் பெய்யற அந்தச் சின்ன இடத்தை மட்டும் ஹெக்டேர் கணக்குல போட்டா நைட்ரஜன் 1000 கிலோ வரைக்கும் கூடப் போகும். புல்லால அவ்வளவையும் உறிஞ்ச முடியாது. மிச்சத்தை மழை கீழே இறக்கிடுது. மாட்டுக்கு யாருங்க உச்சவரம்பு போடறது?