கனடாவில் நம்ம பாட்டிக்கு இங்கிலீஷ் யார் சொல்லித் தருவார்?

கனடாவில் குடியேறுபவர்களுக்கு அரசே இலவச ஆங்கில வகுப்பு நடத்துது. பெயர் 'லிங்க்'. 1992-ல் தொடங்கியது. அப்புறம் தன்னார்வலர் எதுக்கு?

யாருக்கு இடம்?

நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள், அகதிகளாக ஏற்கப்பட்டவர்களுக்கு. குடியுரிமை வாங்கிவிட்டால் இதில் சேர முடியாது.

சிக்கல் எங்கே?

குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்களில் 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள்தான் ஆங்கிலமோ பிரெஞ்சோ தெரியும்னு நிரூபிக்கணும். 55 வயதானால் விலக்கு. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே, இங்கிலீஷ் பேசாமலே குடியுரிமை பெறும் பாட்டிக்கு அதன்பிறகு லிங்க் வகுப்பு கிடையாது. மாகாண வகுப்புகளும், டொரன்டோ போன்ற நகரங்களில் நூலகங்கள் நடத்தும் உரையாடல் வட்டங்களும்தான் வழி. தன்னார்வலர் தேவைப்படுவது இங்கேதான்.

என்ன சொல்லித் தரணும்?

இலக்கணம் இல்லை, பேச்சு. போனில் டாக்டரிடம் நேரம் வாங்குவது, எங்கே வலிக்குதுன்னு சொல்வது, பஸ்ஸில் வழி கேட்பது. ஒவ்வொரு பிழையையும் திருத்தினால் பேச வந்தவர் வாயை மூடிக்கொள்வார். சொல்வது புரிந்தால் தொடர விடணும்.

இங்கிலீஷில் புலியா இருக்கணுமா?

வேண்டாம். பொறுமையும், வாரம் தவறாமல் வருவதும் போதும். பேரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எல்லா வலியையும் டாக்டரிடம் சொல்லிவிட முடியாதே!