ஓய்வுபெற்ற நிறுவன லாரியைச் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கலாமா? மைசூரு பகுதியில் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

மைசூரு: சரக்கு நிறுவனங்களும் அரசுத் துறைகளும் பல ஆண்டுகள் ஓட்டிக் கழித்த லாரிகள், புதிய வாகனத்தின் விலையில் ஒரு சிறு பங்குக்கே ஏலத்தில் கிடைக்கின்றன. தோட்டத்து விளைச்சலைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், சிறுதொழிலுக்குப் பயன்படுத்தவும், பயண வாகனமாக மாற்றவும் பலர் இவற்றை நாடுகின்றனர். ஆனால் ஏலத்தில் கட்டிய பணம் லாரியாகுமா, பழைய இரும்பாகுமா என்பதை என்ஜினைவிட ஆவணங்களே தீர்மானிக்கின்றன. வாங்குவதற்கு முன் அறிய வேண்டிய சட்ட விதிகளையும் சீரமைப்பு நடைமுறைகளையும் இங்கே காணலாம்.

முதல் கேள்வி: முந்தைய உரிமையாளர் யார்?

நஞ்சன்கூடு பகுதியில் வாழை பயிரிடும் விவசாயி ஒருவர், தமது சரக்கைத் தாமே மைசூரு பண்டிபாளையா சந்தைக்குக் கொண்டு செல்ல ஒரு பழைய லாரியை வாங்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் பார்க்க வேண்டியது பதிவுச் சான்றில் உள்ள உரிமையாளரின் பெயரையும் முதல் பதிவு நாளையும்தான்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2023 ஜனவரியில் வெளியிட்ட அறிவிக்கையின்படி, மத்திய, மாநில அரசுகள், மாநகராட்சிகள், மாநிலப் போக்குவரத்துக் கழகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், தன்னாட்சி அமைப்புகள் ஆகியவற்றுக்குச் சொந்தமான வாகனங்களின் பதிவு 15 ஆண்டுகளுடன் முடிவடைகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் உள்ளது. முன்னரே புதுப்பிக்கப்பட்ட பதிவும் 15 ஆண்டைக் கடந்திருந்தால் ரத்தானதாகவே கருதப்படும். இத்தகைய வாகனங்களைப் பதிவுபெற்ற வாகன அழிப்பு மையங்களின் வழியாகவே கழிக்க வேண்டும். பாதுகாப்புப் பணிகளுக்கான சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

எனவே 15 ஆண்டைக் கடந்த அரசு லாரி எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், தனிநபர் அதை மீண்டும் சாலையில் ஓட்ட வழியில்லை. தனியார் நிறுவன லாரிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. தகுதிச் சான்றில் தேர்ச்சி பெறும் வரை அவற்றை ஓட்டலாம்.

ஏலத்தில் வாங்கும்போது

அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கழித்த வாகனங்களைப் பெரும்பாலும் மத்திய அரசின் எம்.எஸ்.டி.சி. நிறுவனத்தின் மின்னணு ஏலம் மூலம் விற்கின்றன. தனியார் சரக்கு நிறுவனங்களும், தவணை கட்டாத வாகனங்களைக் கைப்பற்றிய நிதி நிறுவனங்களும் தனி ஏல நிறுவனங்கள் வழியாக விற்பதுண்டு.

இருக்கும் இடத்தில், இருக்கும் நிலையில் என்பதே ஏலத்தின் பொதுவான நிபந்தனை. ஏலத்துக்குப் பின் குறை கூற இயலாது. எனவே பார்வையிட ஒதுக்கப்பட்ட நாளில் அனுபவமுள்ள மெக்கானிக்குடன் நேரில் செல்வது அவசியம். பதிவுச் சான்றுடன் விற்கப்படுகிறதா, உடைப்பதற்காக மட்டும் விற்கப்படுகிறதா என்பதை ஏலப் பட்டியலில் உறுதி செய்ய வேண்டும். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் பதிவுச் சான்றுடன் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். நிலுவை வரி, அபராதம், கடன் பதிவு ஆகியவற்றைப் பரிவாகன் தளத்தில் சரிபார்க்கலாம்.

ஏலத் தொகையுடன் செலவு முடிவதில்லை. ஜி.எஸ்.டி., வாகனத்தை எடுத்துவரும் செலவு, பெயர் மாற்றம், சாலை வரி, தகுதிச் சான்று, காப்பீடு, பழுது நீக்கம் அனைத்தையும் கூட்டிப் பார்த்த பிறகே எவ்வளவு வரை ஏலம் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

பெயர் மாற்றம்: தள்ளிப்போட்டால் ஆபத்து

நேரடி விற்பனையில் படிவம் 29, படிவம் 30 ஆகியவை தேவை. அரசு நடத்தும் பொது ஏலத்தில் வாங்கியவர், வாகனத்தைப் பெற்ற 30 நாட்களுக்குள் படிவம் 32-இல் விண்ணப்பிக்க வேண்டும். விற்பனையை உறுதி செய்யும் சான்றும், ஏலத்துக்கு அனுமதி அளித்த அரசு ஆணையின் சான்றிட்ட நகலும் இதனுடன் இணைக்கப்பட வேண்டும். கடன் பதிவு இருந்தால் அதை நீக்கப் படிவம் 35 அளிக்க வேண்டும். ராணுவம் கழித்த வாகனங்களைப் பதிவு செய்ய, உரிய அதிகாரிகள் வழங்கிய படிவம் 21 விற்பனைச் சான்றின் அசல் தேவை.

தமிழ்நாட்டில் பதிவான லாரியை வாங்கி மைசூருவில் நிரந்தரமாக ஓட்டுவதாயின், பழைய வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று பெற வேண்டும். வேறு மாநில வாகனத்தை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவு கட்டாயம். மைசூரு மேற்கு அலுவலகத்தின் பதிவு கேஏ 09 என்றும், கிழக்கு அலுவலகத்தின் பதிவு கேஏ 55 என்றும் தொடங்கும்.

பெயர் மாற்றம் வெறும் சடங்கு அன்று. பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லாரியை விற்றுவிட்டோம் என்று எண்ணியிருப்பவர், தாம் அறியாத விபத்துக்காக நீதிமன்றப் படியேற நேரிடும். வாங்கியவரும் 14 நாட்களுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இல்லையெனில் தமது வாகனச் சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது கடினம்.

சொந்தப் பயன்பாடு என்றாலும் சரக்கு வாகனமே

சொந்தப் பொருளை மட்டும் ஏற்றுவதால் லாரி தனிநபர் வாகனமாகிவிடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இது தவறு. 1939-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் சொந்தச் சரக்குக்கெனத் தனி அனுமதி இருந்தது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் அந்தப் பிரிவினையை நீக்கிவிட்டது. சரக்கு ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட வாகனம், யாருடைய பொருளை ஏற்றினாலும் போக்குவரத்து வாகனமே. மஞ்சள் எண்பலகை, தகுதிச் சான்று, அனுமதி ஆகிய மூன்றும் அதற்கு உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனங்களுக்கு மட்டும் அனுமதி தேவையில்லை. சிறு விவசாயிக்கு மினி லாரி ஏற்றதாக அமைய இதுவும் ஒரு காரணம்.

ஓட்டுநர் உரிமத்திலும் தெளிவு வந்துள்ளது. இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரை எடையுள்ள போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. அதற்கு மேற்பட்ட எடைக்குக் கனரக உரிமம் வேண்டும்.

தகுதிச் சான்று 8 ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். வயது கூடக் கூடக் கட்டணமும் கூடும். 2025 நவம்பரில் வெளியான திருத்தத்தின்படி, 20 ஆண்டைக் கடந்த கனரக வாகனங்களுக்கு 25,000 ரூபாய் விதிக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள கட்டணத்தைப் பரிவாகன் தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

எதைச் சீரமைக்கலாம், எதை மாற்றக் கூடாது?

பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் அசல் அமைப்பிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சேசிஸை நீட்டுவதும், அனுமதியின்றி லாரியைப் படுக்கை வசதியுள்ள பயண வண்டியாக மாற்றுவதும் இதில் அடங்கும். என்ஜின் மாற்றம், வண்ண மாற்றம் போன்றவற்றைப் பதிவு அதிகாரியிடம் தெரிவித்துச் சான்றில் பதிய வேண்டும்.

பழுது நீக்கத்தில் வரிசை முக்கியம். வண்ணம் பூசுவதை முதலில் செய்து, பிரேக்குக்குப் பணம் இல்லாமல் நிற்பதே பலர் செய்யும் தவறு. சேசிஸில் விரிசல், துரு, பழைய வெல்டிங் தடம் உள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது கெட்டிருந்தால் மற்றவை நன்றாக இருந்தும் பயனில்லை. அடுத்து பிரேக், ஸ்டியரிங், கிங்பின், பட்டை ஸ்பிரிங், டயர் ஆகியவை. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு தயாரித்த வாரத்தையும், கடைசி இரண்டு ஆண்டையும் குறிக்கும்.

என்ஜின் நிலையைப் புகையே சொல்லிவிடும். நீலப் புகை ஆயில் எரிவதையும், அடர்ந்த கரும்புகை டீசல் சரியாக எரியாததையும், சூடான பின்னும் நிற்காத வெண்புகை உள்ளே தண்ணீர் கசிவதையோ எரியாத டீசலையோ காட்டும். ஓடும் என்ஜினில் ஆயில் மூடியைத் திறக்கும்போது வேகமாகக் காற்று வெளியேறினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துள்ளன என்று பொருள். பின்புறத் தொட்டியைப் புதிதாகக் கட்டுவது கடைசி வேலை. லாரி பாடி கட்டுவதில் பெயர் பெற்ற நாமக்கல், மைசூருவிலிருந்து சாம்ராஜ்நகர், சத்தியமங்கலம் வழியாகச் செல்லும் தொலைவில் உள்ளது.

நிறுவன லாரியில் ஒரு நன்மை உண்டு. பெரிய நிறுவனங்கள் பராமரிப்புப் பதிவேட்டை முறையாக வைத்திருப்பதால், எந்தப் பாகம் எப்போது மாற்றப்பட்டது என்பதைக் கேட்டுப் பெறலாம். பல ஓட்டுநர்கள் கையில் அதிகக் கிலோமீட்டர் ஓடியிருப்பது அதன் குறை.

வாங்காமல் விடுவதும் ஒரு முடிவே

பழைய வண்டியைக் காப்பாற்றும் பழக்கம் மைசூருவுக்குப் புதிதல்ல. 1996-இல் மூடப்பட்ட இங்குள்ள ஐடியல் ஜாவா தொழிற்சாலையின் மோட்டார் சைக்கிள்களை இன்றும் பலர் பேணி ஓட்டி வருகின்றனர். எனினும், மோட்டார் சைக்கிளில் செய்யும் பிழை ஒருவரைப் பாதிக்கலாம். பிரேக் பிடிக்காத லாரி சாலையில் செல்லும் பலரின் உயிருக்கு ஆபத்து.

சீரமைப்புச் செலவு வாகனத்தின் மதிப்பைத் தாண்டும் என்று தெரிந்தால், உரிமையாளருக்கு இன்னொரு வழி உள்ளது. பதிவுபெற்ற அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் வழங்கப்படும் ஒப்படைப்புச் சான்றைக் கொண்டு புதிய வாகனத்தின் சாலை வரியில் சலுகை பெறலாம். மத்திய விதிகள் போக்குவரத்து வாகனங்களுக்கு 15 சதவீதம் வரையிலும், மற்றவற்றுக்கு 25 சதவீதம் வரையிலும் இதற்கு இடமளிக்கின்றன.

நஞ்சன்கூடு விவசாயியின் கணக்கும் இதுதான்: 15 ஆண்டுக்கு உட்பட்ட, பதிவுச் சான்றும் பராமரிப்புப் பதிவேடும் உள்ள, சேசிஸ் உறுதியான சிறிய லாரி கிடைத்தால் வாங்கலாம். இவற்றில் ஒன்று குறைந்தாலும், அடுத்த ஏலத்துக்குக் காத்திருப்பதே லாபம்.