விரல் போனாலும் சொல்லியாக வேண்டும்

2014 வரை அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி, தொழிலாளியின் விரலை இயந்திரம் துண்டித்தாலும் முதலாளி உடனே அரசுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயிர் போக வேண்டும். அல்லது ஒரே விபத்தில் மூன்று பேராவது மருத்துவமனையில் சேர வேண்டும். விநோதமான கணக்கு!

2015 ஜனவரி 1 முதல் விதி மாறியது. மரணம் என்றால் 8 மணி நேரத்துக்குள், உறுப்புத் துண்டிப்பு, கண்ணிழப்பு என்றாலோ ஒருவரே உள்நோயாளியாகச் சேர்ந்தாலோ 24 மணி நேரத்துக்குள், பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ‘ஓஷா’வுக்குத் தெரிவிக்க வேண்டும். தொலைபேசி அழைப்பே போதும்.

முதல் ஆண்டிலேயே 10,388 தகவல்கள் குவிந்தன. அவற்றில் உறுப்புத் துண்டிப்பு மட்டும் 2,644; நாளுக்கு ஏழு பேர். பெரும்பாலான விபத்துகளை அந்தந்த நிறுவனமே விசாரித்துக் காரணம் சொல்லும்படி விட்டார்கள். திருடன் கையில் சாவியா என்று கேட்கத் தோன்றும்.

இவ்வளவுக்குப் பிறகும், கடுமையான காயங்களில் பாதியோ அதற்கு மேலோ தன்னிடம் வந்து சேரவில்லை என்றே ஓஷா கருதியது.